கிரேக்க டைனரில் சாப்பிடப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் புதிதாகக் குடிவந்தவர்கள் பலர், தெருமுனையில் இருக்கும் டைனரை, அதாவது எல்லா வகைச் சாப்பாடும் கிடைக்கும் எளிய உணவகத்தை, பல மாதம் தாண்டித் தாண்டியே போவார்கள். வெளியே பளபளக்கும் எஃகுத் தகடு, நியான் எழுத்து, உள்ளே ரெக்ஸின் இருக்கைகள். ஒருநாள் உள்ளே போய் உட்கார்ந்தால் புத்தகம் போல ஒரு மெனு கைக்கு வரும். ஆம்லெட், பர்கர், மூசாக்கா, ஸ்பகெட்டி, மீன், ஸ்டேக், பத்து வகை சூப். எதைச் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த பெயர் எதையாவது சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றும் விசேஷமில்லை" என்று கிளம்பிவிடுவார்கள். என் கணிப்பில், பல நேரங்களில் சமையலைவிடத் தேர்வுதான் காலை வாரியிருக்கும். நாற்பது ஐம்பது வருடமாக ஒரே இடத்தில் நடக்கும் கடைக்கு ஒரு பழக்கம் இருக்கும். அது தெரிந்துவிட்டால் அருமையாகச் சாப்பிடலாம்.

மெனு ஏன் இத்தனை நீளம் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ப்ராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து இரவுச் சாப்பாடு விற்றார். டைனரின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். பிறகு, ரயில் பெட்டி வடிவத்தில் முழுக் கடையையும் தொழிற்சாலையிலேயே செய்து, கொண்டுபோய் இறக்கி வைக்கும் தொழில் வளர்ந்தது. நியூஜெர்சி அதற்குப் பெயர்பெற்ற இடம். கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்தக் கடைகளில் தட்டுக் கழுவுவதில் ஆரம்பித்து, காசு சேர்த்து, கடையையே வாங்கினார்கள். 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியபின் இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்கக் காலை உணவோடு தங்கள் ஊர்ச் சமையலைச் சேர்த்தார்கள். அக்கம்பக்கத்து இத்தாலியர்களுக்காகப் பாஸ்தாவும் யூதர்களுக்காக மாட்ஸா (புளிக்காத ரொட்டித் தூள்) உருண்டை சூப்பும் வந்தன. யார் உள்ளே வந்தாலும் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்த மெனு அது.

ஆகவே முதல் தவறு, அதில் அச்சாகியிருப்பதெல்லாம் ஒரே தரத்தில் வரும் என்று நம்புவது. டைனர் சமையலறையில் ஓயாமல் உழைப்பவை இரண்டு: பெரிய இரும்புக் கல், பெரிய ஓவன். கல்லில் முட்டை, பான்கேக், சாண்ட்விச், பர்கர் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஓவனில் தட்டுத் தட்டாகக் கத்திரிக்காய் அடுக்கிய மூசாக்கா, பாஸ்தா அடுக்கிய பாஸ்டிட்ஸியோ, எலுமிச்சைச் சாறும் ஓரிகானோவும் ஊறிய கோழி, உருளைக்கிழங்கு எல்லாம் வேகும். இந்த இரண்டிலிருந்தும் வருவதைக் கேளுங்கள். லாப்ஸ்டர், விலையுயர்ந்த ஸ்டேக், நீளமான மீன் பட்டியல் ஆகியவற்றை விட்டுவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு பேர் கேட்கும் பொருளை எந்தச் சமையலறையாலும் புதிதாக வைத்திருக்க முடியாது.

மெனுவின் முன்பக்கத்தில் க்ளிப் போட்டு ஒரு தனித்தாள் இருக்கும். அன்றைய ஸ்பெஷல். பலர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று சமைத்தது அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதிலேயே இன்னொரு விஷயமும் உண்டு: பல கடைகளில் ஸ்பெஷல் சாப்பாட்டோடு சூப் அல்லது சாலட், கூடவே உருளைக்கிழங்கும் ஒரு காய்கறியும் சேர்ந்தே வரும், சில இடங்களில் கடைசியில் இனிப்பும் உண்டு. இது தெரியாமல் சூப்பையும் சாலடையும் தனியாகச் சொல்லிவிட்டால், மேசை நிறைந்து பாதி உணவு மிஞ்சும். அளவும் பெரிது. இருவர் போனால் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். சில கடைகளில் அதற்குச் சின்னக் கட்டணம் உண்டு, முன்னதாகக் கேட்டுவிடுங்கள். மிஞ்சியதைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, அங்கே எல்லோரும் செய்வதுதான்.

காலை உணவைப் பெரும்பாலான டைனர்களில் எந்த நேரத்திலும் தருவார்கள். ஆனால் கேள்விகள் வேகமாக வரும். முட்டை எப்படி வேண்டும்? சன்னி சைட் அப் என்றால் திருப்பிப் போடாமல் மஞ்சள் கரு மேலே தெரியும். ஓவர் ஈஸி என்றால் திருப்பிப் போட்டு, கரு ஒழுகும் பதத்தில் எடுப்பார்கள். கரு நன்றாக வெந்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஓவர் ஹார்ட் என்று சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதுதான் பெரும்பாலும் பிடிக்கிறது. அடுத்து டோஸ்ட்: வெள்ளை, கோதுமை, ரை. ரை ரொட்டியின் லேசான புளிப்பு முட்டைக்கு நன்றாகச் சேரும். என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர்கள் கீரையும் ஃபெட்டா சீஸும் போட்ட ஆம்லெட்டோடு தொடங்குங்கள் என்பேன். அமெரிக்கக் கல்லும் கிரேக்க ருசியும் ஒன்றாகச் சேர்வது அந்தத் தட்டில்தான்.

சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் கவனிக்க

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுழலும் கம்பியில் வேகும் கீரோ இறைச்சியை ஆட்டுக்கறி என்று நினைத்துச் சாப்பிடுபவர்கள் நிறைய. கிரேக்க நாட்டில் கீரோ பெரும்பாலும் பன்றி இறைச்சி. அமெரிக்காவில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் அரைத்துக் கலந்து கூம்பாக அழுத்தியது. 1970களில் சிகாகோ நகரத் தொழிற்சாலைகள் அந்தக் கூம்பை மொத்தமாகச் செய்து நாடெங்கும் அனுப்பத் தொடங்கின. மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட கோழி சூவ்லாக்கிதான் பாதுகாப்பு. சூவ்லாக்கி என்று மட்டும் சொன்னால் பன்றியாகவும் இருக்கலாம். "சிக்கன்" என்று சேர்த்தே சொல்லுங்கள். மூசாக்காவில் கத்திரிக்காய் இருக்கிறது என்பதால் சைவம் என்று எண்ணிவிட வேண்டாம், அடுக்குகளுக்கு இடையே கொத்துக்கறி இருக்கும். பாஸ்டிட்ஸியோவும் அப்படியே.

சூப்தான் பெரிய கண்ணி. கிரேக்கர்களின் அவ்கோலெமோனோ, பார்க்க வெளிர் மஞ்சளாக, எலுமிச்சை மணத்தோடு இருக்கும். கோழிச் சாற்றில் முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்துச் சேர்த்தது அது. பச்சைப் பட்டாணிப் பருப்பு சூப்பில் பல இடங்களில் பன்றித் தொடைக்கறி போடுவார்கள். வெங்காய சூப்பின் அடிப்படை மாட்டெலும்புச் சாறு. வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் சிப்பி போட்ட க்ளாம் சௌடர்தான் அன்றைய சூப். "இது சைவமா?" என்று கேட்டால் சர்வர், கறித்துண்டு இல்லை என்ற பொருளில் "ஆமாம்" என்று சொல்லிவிடக்கூடும். "கோழிச் சாறோ மாட்டுச் சாறோ சேர்த்திருக்கிறதா?" என்று கேளுங்கள். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார்கள்.

நியூஜெர்சியின் பெருமையான டிஸ்கோ ஃப்ரைஸ், உருளைக்கிழங்கு வறுவலின்மேல் மொஸரெல்லாவும் பழுப்பு கிரேவியும் ஊற்றியது. அந்த கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்வது. ஆம்லெட்டோடு வரும் ஹோம் ஃப்ரைஸ் வெறும் உருளைக்கிழங்குதான், ஆனால் பேக்கன் என்ற பன்றிக்கறி வறுத்த அதே கல்லில் வறுபடலாம். திராட்சை இலைச் சுருளுக்குள் வெறும் அரிசியும் இருக்கும், கறி கலந்த அரிசியும் இருக்கும். கிரேக்க சாலடின் மேல் சில கடைகளில் நெத்திலி வைப்பார்கள். மெல்லிய மாவுத் தாளில் மடித்துச் சுடும் ஸ்பனாகோபிட்டாவில் கீரை, ஃபெட்டாவோடு முட்டையும் சேர்வது வழக்கம். ஆடும் ஜெல்லி இனிப்பில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு டைனரே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நீண்ட விரத மரபு உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும், வருடம் முழுக்கப் புதன், வெள்ளிகளிலும், கட்டுப்பாடாக இருப்பவர்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. பருப்பு சூப்பான ஃபக்கேஸ், கீரையும் அரிசியும் சேர்ந்து வேகும் ஸ்பனாகோரிஸோ, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சையான கிகாண்டேஸ் எல்லாம் அந்தச் சமையலறைக்குச் சொந்தமானவை. அவர்கள் ஈஸ்டர் தேதி பல வருடங்களில் மற்றவர்களின் ஈஸ்டருக்குப் பிந்தி வரும். அந்தப் பருவத்தில் போய், முதலாளியிடம் "நிஸ்தீஸிமோ ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், விரதச் சாப்பாட்டுக்கு அதுதான் அவர்கள் வார்த்தை. மெனுவில் இல்லாதது மேசைக்கு வரக்கூடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்த விரதத்தில் இறாலும் கணவாயும் அனுமதி. அதை வேண்டாமென்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரேக்கச் சமையல் எலுமிச்சை, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெயில் நிற்கிறது. காரம் இல்லை என்று தட்டு வந்தவுடன் ஹாட் சாஸைக் கவிழ்த்துவிட்டால் அந்த எலுமிச்சை மணம் தெரியாமலே போய்விடும். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தேவையென்றால் ஊற்றிக்கொள்ளுங்கள்.

காபி, பில், டிப்ஸ்

நியூயார்க்கில் பழைய ஆட்களிடம் "ரெகுலர் காபி" என்றால் பாலும் சர்க்கரையும் போட்டே தருவார்கள். கடுங்காபி வேண்டுமென்றால் "ப்ளாக்" என்று சொல்லுங்கள். மேசையில் உட்கார்ந்து குடித்தால் கோப்பை காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே வருவார்கள். பல இடங்களில் அதற்குத் தனிக் காசு இல்லை. கட்டிக்கொண்டு போகும் காபிக்கு நீலமும் வெள்ளையுமான காகிதக் கோப்பை கிடைத்தால் கவனித்துப் பாருங்கள். கிரேக்கக் கடைக்காரர்களை மனதில் வைத்து 1963இல் லெஸ்லி பக் வடிவமைத்தது அது. கிரேக்கக் காபி கேட்டால், சர்க்கரை எவ்வளவு என்று முன்பே சொல்ல வேண்டும், ஏனென்றால் காய்ச்சும்போதே அதைப் போட்டுவிடுவார்கள். கலக்காமல் மெல்லக் குடித்து, அடியில் தங்கும் தூளை விட்டுவிடுங்கள்.

டிப்ஸில் செய்யும் தவறு இன்னொருவர் வயிற்றில் அடிக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அமெரிக்க மத்திய சட்டப்படி முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அது மாறவில்லை. டிப்ஸும் சேர்ந்து வழக்கமான குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் 2.13ஐ விட அதிகம் வைத்திருக்கின்றன என்றாலும், சர்வரின் வருமானத்தில் பெரும்பங்கு நீங்கள் வைப்பதுதான். 18 முதல் 20 சதவீதம் வழக்கம். நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம், பில்லில் இருக்கும் வரியை மூன்றால் பெருக்கினால் கணக்கு சரியாக வந்துவிடும். நியூயார்க் நகரில் வரி 8.875 சதவீதம், இரண்டால் பெருக்கி மேலே கொஞ்சம் சேர்த்தால் போதும். பெரிய கும்பலாகப் போனால் சில கடைகளில் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள். வெறும் காபி மட்டும் குடித்து ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தால் சதவீதக் கணக்கு பார்க்காதீர்கள். கோப்பையைத் திரும்பத் திரும்ப நிரப்பிய கைக்கு இரண்டு மூன்று டாலராவது வைப்பதுதான் முறை.

பல பழைய டைனர்களில் சர்வர் பில்லை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். மறுபடி வந்து பணம் வாங்குவார் என்று காத்திருக்க வேண்டாம். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு, வாசல் பக்கத்துக் கல்லாவில் பில்லைக் கட்ட வேண்டும்.

தனியாகப் போகிறவர்கள் நாலு பேர் உட்காரும் இருக்கையைப் பிடிக்காமல் கவுன்ட்டரில் உட்காருங்கள். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை சர்ச் முடிந்த குடும்பங்கள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் தட்டு காலியானதும் எழுந்துவிடுவது நியாயம். அதே கடையில் வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு எவ்வளவு நேரம் இருந்தாலும் பெரும்பாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரவு முழுக்கத் திறந்திருக்கும் என்ற பழைய நம்பிக்கையில் நள்ளிரவில் கிளம்ப வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு பல டைனர்கள் சீக்கிரமே சாத்திவிடுகின்றன, போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு, வாசலில் சுழலும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மயங்கி அடுக்கு கேக்கைச் சொல்வார்கள் பலர். அவற்றில் பல வெளி பேக்கரியிலிருந்து வருபவை. "கடையிலேயே செய்தது எது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ரைஸ் புட்டிங் என்பார்கள். பாலில் அரிசி வெந்து, குளிரவைத்து, மேலே இலவங்கப்பட்டைத் தூள் தூவி வரும். ஒன்று வாங்கினால் இருவருக்குப் போதும்.