ஸ்நார்க்கெலிங் சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு

ஸ்நார்க்கெலிங் என்றால், முகத்தை நீருக்குள் வைத்து, நீருக்கு மேலே நீளும் ஒரு குழாயால் மூச்சு விட்டபடி மிதந்துகொண்டே கடலுக்குள் பார்ப்பது. அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ டிக்கெட் போட்ட கையோடு பலரும் ஆன்லைனில் ‘ஸ்நார்க்கெலிங் செட்’ என்று தேடி, மாஸ்க், குழாய், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), பை எல்லாம் சேர்ந்து ஒரே விலைக்கு வருவதை வாங்கிவிடுகிறார்கள். பணம் குறைவாக இருக்கும்போது செய்யக்கூடாத முதல் வேலை இதுதான். மலிவான செட்டில் நாலு பொருள் இருக்கும், ஆனால் நீங்கள் கடலில் எதைப் பார்க்கப் போனீர்களோ அதைக் காட்டவேண்டிய மாஸ்க்கில்தான் பெரும்பாலும் செலவைக் குறைத்திருப்பார்கள்.

என் கணக்கு ரொம்ப எளிது. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் மாஸ்க்குக்கு. மீதியில் ஒரு சாதாரணக் குழாயும், உடம்பை மூடுகிற ஒரு முழுக்கைச் சட்டையும். ஃபின்ஸ் வாங்கவே வேண்டாம், தேவைப்படுகிற இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், எலிஃபண்ட் பீச்சுக்குப் போனால் மாஸ்க்கும் குழாயும் அவர்களே தருவார்களே, அப்புறம் எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்கலாம். தருவார்கள்தான். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கும் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வாடகை மாஸ்க் உங்கள் முகத்துக்காக எடுத்து வைத்தது கிடையாது. கண்ணாடியில் கீறல் இருக்கும், ஓரம் தளர்ந்து தண்ணீர் கசியும், வாயில் வைக்கும் பகுதியோ உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் கடித்தது. தண்ணீருக்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதி, மாஸ்க்கைச் சரிசெய்வதிலேயே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், ஒன்றே ஒன்றுதான் சொந்தமாக வாங்க முடியும் என்றால் அது மாஸ்க்காக இருக்கட்டும்.

மாஸ்க் வாங்குவதில் நடக்கும் பெரிய தவறு, பிராண்டையும் நிறத்தையும் பார்த்துவிட்டு முகத்தை மறந்துவிடுவது. கடையில் பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் லேசாக ஒட்டவைத்து, மூக்கால் மெல்ல உள்ளே மூச்சை இழுத்துப் பிடியுங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் நின்றால் உங்களுக்குப் பொருந்துகிறது. எங்கிருந்தாவது காற்று நுழைந்தால் அங்கிருந்துதான் நாளை கடல்நீரும் நுழையும். ஒல்லியான முகம் உள்ளவர்கள் சிறுவர் அளவையும் கூச்சப்படாமல் போட்டுப் பார்க்கலாம். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே கொஞ்சம் கசியத்தான் செய்யும், மீசையின் மேல் ஓரத்தை மட்டும் மெல்லிசாகச் சிரைத்துவிட்டால் நிறையவே குறையும். ஆன்லைனில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், திருப்பி அனுப்ப வசதி இருக்கிறதா என்பதை விலைக்கு முன்னாலேயே பாருங்கள்.

கசிந்தால் பட்டையை இன்னும் இறுக்குவது அடுத்த தவறு. இறுக்க இறுக்க ஓரம் மடங்கி இன்னும் கசியும், தலைவலிதான் மிச்சம். பட்டை காதுக்கு மேலே, பின்மண்டையின் அகலமான பகுதியில் உட்கார வேண்டும். உள்ளே ஒரு முடிக்கற்றை மாட்டியிருந்தாலும் கசியும், அதை முதலில் பாருங்கள்.

பொருளைப் பொறுத்தவரை இரண்டே விஷயம். கண்ணாடி டெம்பர்ட் கிளாஸாக, அதாவது பதப்படுத்திக் கடினமாக்கிய கண்ணாடியாக, இருக்க வேண்டும், அந்தச் சொல்லைக் கண்ணாடியின் மூலையிலேயே ஆங்கிலத்தில் சின்னதாகப் பொறித்திருப்பார்கள். பிளாஸ்டிக் லென்ஸ் சீக்கிரம் கீறல் விழும். முகத்தில் படிகிற ஓரம் சிலிக்கானாக இருக்க வேண்டும். மலிவான பிவிசி ஓரம் விறைப்பாக இருக்கும், முகத்தோடு வளைந்து கொடுக்காது.

வீட்டில் நீச்சல் கண்ணாடி இருக்கிறதே, அது போதாதா? போதாது. அதற்குள் மூக்கு வராது. நீருக்குள் இரண்டு மூன்று மீட்டர் இறங்கினாலே உள்ளே இருக்கும் காற்று அழுத்தத்தில் சுருங்கி, கண்ணை வெளியே இழுக்கிற மாதிரி இருக்கும். மாஸ்க்கில் என்றால் மூக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அதைச் சரிசெய்துவிடலாம்.

முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று புதிதாக வாங்குகிறவர்களின் கண் முதலில் போவது அதன்மேல்தான். 2014-இல் டெகத்லான் ஈஸிபிரெத் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு இந்த வடிவம் பரவி, நகல்கள் குவிந்துவிட்டன. மூக்கால் சாதாரணமாக மூச்சு விடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் கலக்காமல் இருக்க, மூக்கையும் வாயையும் மூடும் தனி அறையும் ஒருவழி வால்வுகளும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். மட்டமான நகல்களில் இது சரியாக அமையாவிட்டால் நீங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலை கிறுகிறுக்கும். பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடித்துக் காது அழுத்தத்தைச் சரிசெய்யவும் முடியாது, அதனால் முங்கக் கூடாது. பதற்றத்தில் குழாய் என்றால் வாயிலிருந்து துப்பிவிடலாம், இதைத் தலையிலிருந்து கழற்ற வேண்டும். குறைந்த பட்ஜெட்டில் இந்த வகையை வாங்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்ட முடியாது, அதன் கால் ஓரத்தைத் தூக்கிவிடும். ஆனால் இரண்டு தனிக் கண்ணாடி உள்ள சில மாடல்களுக்கு மைனஸ் பவர் லென்ஸ் ரெடிமேடாகவே கிடைக்கிறது, பொதுவாக அரை அரைப் பவர் இடைவெளியில். உங்கள் பவருக்குச் சரியாக இல்லாவிட்டால் ஒரு படி குறைவானதை எடுங்கள், நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத்தான் தெரியும்.

புது மாஸ்க்கை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனால் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. தயாரிப்பின்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம்தான் காரணம். ஜெல் வகையாக இல்லாத வெள்ளைப் பற்பசையைக் கண்ணாடியின் உள்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. பிளாஸ்டிக் லென்ஸில் இதைச் செய்தால் கீறிவிடும். அப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூவைத் தடவி அலசினால் போதும்.

குழாயில் நீளம் அதிகமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் ஆபத்தானது. 35 முதல் 40 செ.மீ. வரைதான் சரி. அதைவிட நீண்டால் விட்ட மூச்சு குழாய்க்குள்ளேயே தங்கித் திரும்ப உள்ளே வரும், ஆழம் கூடினால் நீரின் அழுத்தத்தை எதிர்த்து மார்பும் விரியாது. நீர் புகாமல் மூட நுனியில் மிதவை வைத்த குழாயான டிரை ஸ்நார்க்கலுக்கு அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை, மணல் சிக்கினால் அந்த மிதவை சில நேரம் மாட்டிக்கொள்ளும். அலை தெறிப்பதைத் தடுக்கிற சின்ன மூடியும், கீழே தண்ணீர் வெளியேற ஒரு வால்வும், கடிக்க மென்மையான சிலிக்கானும் இருந்தால் போதும்.

ஃபின்ஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. எலிஃபண்ட் பீச்சில் பெரும்பாலும் வழிகாட்டி ஒரு மிதவை வளையத்தில் உங்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்துக்கொண்டு போவார், ஃபின்ஸுக்கு வேலையே இல்லை. ஆழமில்லாத இடத்தில் பழக்கமில்லாதவர் நீளமான ஃபின்ஸோடு உதைத்தால் பவளப்பாறை உடையும், உடைந்தது திரும்ப வளர வருடக்கணக்காகும். உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோகக் கிடைக்கும் 7 கிலோவில் அது வீணாக இடத்தையும் அடைக்கும்.

அந்தப் பணத்தில் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று எடுங்கள். குப்புற மிதக்கும்போது முதுகும் பின்கழுத்தும் வெயிலில் வெந்துவிடும். பருத்தி டி-ஷர்ட் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், பாலியெஸ்டர் பரவாயில்லை. உடம்பு மூடியிருந்தால் சன்ஸ்கிரீனும் அதிகம் வேண்டாம். பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பதை ஹவாய் 2021 முதல் தடுத்திருக்கிறது, டியூபில் அந்தப் பெயர்கள் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் ஊதி மாட்டுகிற மலிவான மிதவைச் சட்டையை நம்பி இறங்கவே கூடாது. படகில் தருகிற நுரை லைஃப் ஜாக்கெட்டையே எல்லாக் கொக்கியும் மாட்டி அணியுங்கள். காதடைப்பானும் வேண்டாம், முங்கினால் அழுத்தத்தில் செவிப்பறைக்குக் கேடு.

கிளம்புவதற்கு முன் பக்கத்து நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். குழாயில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு ‘ஃபூ’ என்று ஊதித் தள்ளவும், மாஸ்க்குக்குள் புகுந்த நீரை மேல் ஓரத்தை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றவும் பழகுங்கள்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மாஸ்க் வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பையில் அமுக்கி வைத்தால் ஓரம் நெளிந்துபோகும், அப்புறம் கசிவை நிறுத்த முடியாது.