ஈசூனை விட்டுக் கிளம்புவதா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

சிங்கப்பூரை விட்டுக் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு (ஜேபி) குடிபோவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் 2024 ஜனவரியில் ஆரம்பித்தது. பொருள் சேவை வரி 9 விழுக்காடு ஆன மாதம். ஈரச்சந்தையிலிருந்து வந்த வீட்டுக்காரர் மீன் பையைத் தொட்டியில் போட்டுவிட்டு, “போதும்மா, ஜேபிக்கே போயிடலாம்” என்றார். அவருக்கு 62, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எனக்கு 58. கூடவே வயதான மாமியார். சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, கடன் அடைத்தாயிற்று.

நான் கப்பல் சாமான் கம்பெனி ஒன்றில் 26 வருடம் கணக்கு எழுதியவள். வாய்க்கணக்கு எனக்கு ஆகாது. இதே பேச்சு உங்கள் வீட்டிலும் ஓடுகிறதென்றால், நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு மாதம் எல்லாச் செலவையும் எழுதுங்கள். கோப்பி-ஓ வரைக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து போடுங்கள்: ஊரை விட்டால் போய்விடும் செலவுக்கு ‘போ’, எங்கே போனாலும் கூடவே வரும் செலவுக்கு ‘வா’. காப்புறுதி, கைப்பேசி, மன்னார்குடியில் இருக்கும் நாத்தனாருக்கு மாதம் அனுப்பும் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பேரனுக்கு வாங்குவது எல்லாம் ‘வா’. வீட்டை வைத்துக்கொண்டால் நகர மன்றக் கட்டணமும் ‘வா’தான்.

எங்கள் மாதச் செலவு 2,910 வெள்ளி வந்தது. அதில் ‘போ’ 1,300. ஜேபியிலும் சாப்பிடத்தானே வேண்டும், அதற்கு 600 கழித்தேன். மிச்சம் 700. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற காலத்தில் மீன், காய்கறி, சாப்பாட்டில் மிச்சமாவது இவ்வளவுதானா என்று வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. இதில் அவர் மறந்த ஒன்றும் இருந்தது. சிங்கப்பூரில் எங்களிடம் கார் கிடையாது. காரை எடுக்கும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போன ஊரில், பேருந்தும் எம்ஆர்டியும் இருக்கும்போது எதற்குக் கார்? ஜேபியிலோ பால் வாங்கவும் கிராப் வாடகைக் காரைக் கூப்பிட வேண்டும்.

ஆக, மீன் விலை ஒரு சாக்கு. உண்மையான காசு வீட்டில் இருக்கிறது. நோட்டில் அதிகப் பக்கம் அதற்கே போனது.

விற்பதா, வாடகைக்கு விடுவதா? விற்கலாம் என்று தோன்றினால், முகவரைக் கூப்பிடுவதற்கு முன் வீவக இணையத்தளத்தில் உங்கள் பிளாக்கின் இன விகிதத்தைப் பாருங்கள். 1989-இல் வந்த விதி இது, நம்மவர்களில் பலர் விற்கும்போதுதான் இதை நினைக்கிறார்கள். ஒரு பிளாக்கில் சீனர்களுக்கு 87, மலாய்க்காரர்களுக்கு 25, இந்தியர் மற்றும் பிறருக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு. அக்கம்பக்கம் முழுவதற்கும் தனி வரம்பு இருக்கிறது. உங்கள் பிளாக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் இந்தியரான நீங்கள் ஒரு சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். எதிர் பிளாக்கில் இருந்த அக்கா எட்டு மாதம் காத்திருந்து, கேட்ட விலையில் 40,000 குறைத்துத்தான் கொடுத்தார். விவரம் மாதந்தோறும் 1-ஆம் தேதி புதுப்பிக்கப்படும். ஒரு மாதம் பார்த்துவிட்டு விடாமல் ஆறு மாதம் குறித்து வையுங்கள்.

அடுத்தது மசேநிதி, அதாவது சம்பளத்திலிருந்து சேரும் மத்திய சேமநிதி. விற்ற பணம் முழுதும் கைக்கு வராது. கடன் இருந்தால் முதலில் அது. அப்புறம் வீட்டுக்காக மசேநிதியிலிருந்து எடுத்த தொகை, அதோடு 2.5 விழுக்காட்டுக் கூட்டு வட்டியும் சேர்ந்து கணக்குக்கே திரும்பிப் போகும். நாங்கள் எடுத்தது 112,000. வட்டியோடு 170,000-ஐத் தாண்டிவிட்டது. 55 வயதுக்கு மேல் என்றால், ஓய்வுக்காலக் கணக்கில், அரசு வைத்திருக்கும் முழு ஓய்வுக்காலத் தொகை என்ற அளவுக்கு எவ்வளவு குறைகிறதோ அது அங்கே போன பிறகு மிச்சத்தை எடுக்கலாம். பணம் எங்கும் போய்விடவில்லை, 65-லிருந்து மாதாமாதம் வரும். ஆனால் அதை நம்பி ஜேபியில் ரொக்கத்துக்கு வீடு பேசிவிடாதீர்கள். ஜோகூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கப் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட் என்ற அடிமட்ட விலையும் இருக்கிறது.

வாடகைக்கு விடுவதென்றால் ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும், குடிமகனாகவும் இருக்க வேண்டும். நிரந்தரவாசிகள் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. ஒவ்வொரு வாடகைதாரருக்கும் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். நீங்கள் அங்கே குடியிருப்பதை நிறுத்தியதும் சொத்து வரிச் சலுகை போய், ஆண்டு மதிப்பில் (வீட்டின் ஓராண்டு வாடகை மதிப்பு) 12 விழுக்காட்டில் தொடங்கும். வரி விஷயத்தில் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால் வாடகை வருமானத்துக்கு 24 விழுக்காடு. இவ்வளவையும் கழித்த பிறகும் எங்கள் கணக்கில் வாடகைதான் மேலே நின்றது. காரணம் ஒன்றே. விற்றுவிட்டால் திரும்பி வர நினைக்கும் நாளில் அதே வீட்டை அதே விலைக்கு யாரும் தரப்போவதில்லை.

நிரந்தரவாசிகளுக்கு இன்னொரு வார்த்தை: வெளியே இருக்கும்போது மறுநுழைவு அனுமதி காலாவதியானால் அந்தஸ்தே போய்விடலாம். 13 வயது தாண்டிய பையன் இருந்தால் எக்ஸிட் பெர்மிட் (வெளிநாட்டில் தங்கும் அனுமதி), கட்டாயத் தேசிய சேவை பற்றிய விதிகளை முதல் வேலையாகப் படியுங்கள். எங்கள் பையன் சேவையை முடித்துவிட்டான், தப்பித்தோம்.

மருத்துவம். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதியின் சந்தா எங்கே இருந்தாலும் கட்டத்தான் வேண்டும், சிகிச்சை இங்குள்ள மருத்துவமனைகளில். மாமியாரிடம் மூத்தவர்களுக்கு மருத்துவச் சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டை இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் அவருக்கு மாத்திரைக்கு ஆகும் காசைச் சொன்னால் கண் படும். அந்த அட்டை கடற்பாலத்தைத் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக். வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த ஒரு வரியைத் தனித்தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, போய் இருந்து பாருங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மலேசியாவில் 30 நாள் கிடைக்கும். அந்த அனுமதியில் வந்து வந்து குடித்தனமே நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், சோதித்துப் பார்க்க மட்டும் அது போதும். நாங்கள் தெப்ராவ் பக்கம் ஒரு தரைவீட்டை 28 நாளுக்கு எடுத்தோம். ஒரே நிபந்தனை போட்டேன்: விடுமுறைக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கக்கூடாது. வெளியே சாப்பிடுவது வாரம் ஒரு தடவை, மற்றபடி சமையல், துணி, குப்பை எல்லாம் வீட்டில் மாதிரியே.

முதல் பத்து நாள் வீட்டுக்காரர் ராஜா. வாசலில் நாற்காலி, கறிவேப்பிலைச் செடி, மாலையில் கண்ணாடிக் கோயில். மாமியாருக்கு மட்டும் பேச ஆள் இல்லை. ஈசூனில் கீழ்த்தளத்துக் கல் மேசையில் காலை ஏழுக்கு உட்கார்ந்தால் பத்துக்குத்தான் மேலே வருவார்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. மாமியாரின் கண் அழுத்தச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. காலையில் நான் மட்டும் ஈசூன் வந்து மருந்து வாங்கிக்கொண்டு, மகள் வீட்டில் பேரனைப் பார்த்துவிட்டுக் கிளம்ப மாலை ஆறாகிவிட்டது. திறக்காத மருந்து குளிரில் இருக்க வேண்டும், அதனால் ஐஸ் பையில் வைத்திருந்தேன். 950 பேருந்து பாலத்தில் ஏறியதோடு சரி. பக்கத்தில் போகும் பெரிய தண்ணீர்க் குழாயில் பெயின்ட் உரிந்த ஒரே இடத்தை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் ஐஸ் உருகிப் புடவை நனைந்தது. பலர் நின்றபடியே தூங்கினார்கள், தினமும் போய் வருகிறவர்கள் போலிருக்கிறது. வீடு சேர்ந்தபோது மணி 9.40. மாமியார் மருந்து போடாமலே தூங்கியிருந்தார். நோட்டில் எழுதினேன்: காசு சில வெள்ளி, நேரம் 3 மணி 40 நிமிடம், ‘வா’.

சிங்கப்பூரையும் ஜேபியையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் வந்துவிட்டால் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகார் ஐந்தே நிமிடம், குடிநுழைவும் ஏறுகிற இடத்திலேயே முடிந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர். இருக்கலாம். ரயில் ஓடட்டும், அதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏறிப் பார்த்துவிட்டு நோட்டைத் திருத்துகிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: வரப்போகிற வசதியை இப்போதே வரவில் எழுதாதீர்கள்.

இப்போதைக்கு வீட்டை விற்கவில்லை. பையனின் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாமியார் இருக்கும் வரை ஈசூன்தான் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார், நான் கேட்காமலே. அதற்குப் பிறகு ஜேபியா மன்னார்குடியா என்பது அடுத்த வழக்கு. மன்னார்குடிக்கும் 28 நாள் போவதாகப் பேச்சு. திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது, விசாவுக்குப் படமும் எடுத்தாயிற்று. தேதியில்தான் சண்டை. அவர் மார்கழி என்கிறார், நான் சித்திரை என்கிறேன். மார்கழியில் எந்த ஊர்தான் நன்றாக இருக்காது?