ஒன்பது பேரோடு இத்தாலியச் சாப்பாடு: யாழ்ப்பாணத்தில் கடை பார்க்கும் முறை

ஆடி பிறந்தால் கொக்குவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் பயணப் பெட்டிகள் இறங்கத் தொடங்கும். கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம், பாரிஸிலிருந்து மாமா, அவர்களோடு பிள்ளைகள். முதல் கிழமை புட்டும் இடியப்பமும் ஒடியல் கூழுமாகப் போகும். இரண்டாம் கிழமை பிள்ளைகள் மெதுவாக வந்து, “இண்டைக்கு இரவு பாஸ்தா சாப்பிடப் போவமா?” என்று கேட்பார்கள். எந்தக் கடை என்று முடிவு செய்வது சில வருடங்களாக என்னுடைய பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது சித்தப்பாவால். அவர் இத்தாலியின் சிசிலித் தீவில் பலேர்மோ நகரில் இருபத்திரண்டு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் நின்றவர். அந்த நகரத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு நம் சைவக்காரரும் ஏறிப் போய்க் கும்பிடுவார்கள். சித்தப்பா பாத்திரம் கழுவத் தொடங்கிப் பாஸ்தா அடுப்புவரை போனார். ஊருக்குத் திரும்பிய பிறகு என்னை ஒவ்வொரு கடையாகக் கூட்டிக்கொண்டு போய் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டித் தந்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்லூரிலிருந்து ஆஸ்பத்திரி வீதி வரைக்கும் நடந்து பார்த்தால் பீட்சா, பாஸ்தா என்று பலகை போட்ட கடைகள் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை கொத்து, பிரைட் ரைஸ், பர்கர் எல்லாம் சேர்த்து விற்பவை. அது குற்றமில்லை, இந்த ஊரில் வெறும் பாஸ்தாவை மட்டும் நம்பிக் கடை நடத்துவது கடினம். ஆகவே “எது இத்தாலியக் கடை?” என்று தேடாதீர்கள். எந்தக் கடையின் அடுப்படியில் அந்தச் சமையல் தெரிந்த ஒரு கை இருக்கிறது என்று தேடுங்கள். மெனுவிலேயே பாதி விளங்கிவிடும். இத்தாலியப் பக்கத்தில் ஐந்தாறு பாஸ்தா, ஐந்தாறு பீட்சா மட்டும் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். முப்பது பாஸ்தா இருந்தால் அத்தனைக்கும் ஒரே மூன்று சோஸைத்தான் மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு, ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முதல் நீங்கள் மட்டும் ஒரு முறை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். இதைத் தவிர்க்க ஒரு வழியும் இல்லை. போனில் வரும் படங்களை நம்ப வேண்டாம், சீஸ் நூலாக இழுபடும் படத்தை யாரும் எடுக்கலாம். கிழமை நாளில் பின்னேரம் ஆறரைக்குப் போனால் கூட்டம் இருக்காது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆட்களுக்கு நேரம் இருக்கும். இருப்பதில் மிக எளிமையான இரண்டைக் கேளுங்கள்: ஒரு மார்கரீட்டா பீட்சா, ஒரு ஆலியோ எ ஒலியோ ஸ்பகெட்டி. முதலாவதில் தக்காளி, மொட்சரெல்லா சீஸ், பேசில் இலை, ஒலிவ் எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டாவதில் உள்ளி, ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் செத்தல் மிளகாய், பார்ஸ்லி இலை. கோழியும் சோஸும் அள்ளிப் போட்டுப் பிழையை மறைக்க அங்கே இடமே கிடையாது. ஒரு சாப்பாட்டுக் கடையின் தரத்தை வெறும் சோற்றையும் பருப்பையும் வைத்துச் சொல்லும் நம் பெரியவர்களின் கணக்குத்தான் இது.

பீட்சா வந்ததும் மேலே பார்க்காதீர்கள், ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கங்கே கருமையும் பழுப்புமாகப் பொட்டு விழுந்திருக்க வேண்டும். ஒரே வெளிறலாக இருந்தால் அடுப்பில் சூடு போதவில்லை, அல்லது எங்கோ செய்து குளிரில் வைத்த மா வட்டத்தை வாங்கிச் சூடாக்கியிருக்கிறார்கள். நேப்பிள்ஸ் முறையில் விறகு அடுப்பு ஏறக்குறைய 450 பாகை செல்சியஸில் எரியும், பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அந்தக் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட பீட்சா நடுவில் மெத்தென்று ஈரமாக இருக்கும், நம் ஆட்கள் வேகவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்ப வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். காஸ் அல்லது கரண்ட் அடுப்பென்றால் பத்து நிமிடம் வரை எடுக்கும், அடி கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும். அதுவும் நல்லதுதான். பாண் போடும் பழைய போறணையின் அருமை தெரிந்த ஊர் இது, விறகுச் சூட்டின் வாசனையை நம் மூக்கே கண்டுபிடித்துவிடும்.

அடுப்பைவிட முக்கியம் மா. மாவை எப்போது குழைத்தீர்கள் என்று கேளுங்கள். “நேற்று” என்று பதில் வந்தால் நல்ல அடையாளம். கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கும் சேர்ந்து குறைந்தது எட்டு மணி நேரமாவது ஊறினால்தான் ருசி பிடிக்கும். ஒரு நாள் முழுக்க வைப்பவர்களும் உண்டு. அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைத்த மா இரவு முழுக்கப் பொங்குவதை அம்மம்மாவின் குசினியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வெக்கைக்கு மா சீக்கிரம் புளித்துவிடும், அதனால் கவனமான கடை அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் ஊற விடும். “ஓடர் வந்த பிறகு குழைப்போம்” என்று பெருமையாகச் சொல்லும் கடையை நான் விட்டுவிடுவேன். அந்த மா வயிற்றில் கல்லாகக் கிடக்கும், இரவு முழுக்கத் தண்ணீர் விடாய்க்கும்.

பாஸ்தாவுக்கு மணிக்கூட்டைப் பாருங்கள். காய்ந்த ஸ்பகெட்டி வேக எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். சொல்லி நான்கு நிமிடத்தில் கோப்பை மேசைக்கு வந்தால் அது மத்தியானமே அவித்து வைத்தது. ‘அல் தெந்தே’ என்றால் ‘பல்லுக்கு’ என்று பொருள், கடித்தால் நடுவில் ஒரு சின்ன எதிர்ப்பு இருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் குழைவாக வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்காமலே குழைந்து வந்தால் அந்தக் கையை நம்ப முடியாது. ரிசொத்தோவும் இப்படித்தான். அரிசியைக் கிண்டிக் கிண்டி வேகவைக்கப் பதினெட்டு நிமிடம் அளவில் பிடிக்கும். “இருபது நிமிடம் ஆகும், பரவாயில்லையா?” என்று பரிமாறுபவர் கேட்டால் சந்தோசமாகத் தலையாட்டுங்கள். ஆலியோ எ ஒலியோவில் உள்ளி பொன்னிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். கருகிக் கசந்தால் இவ்வளவு எளிய வேலையிலேயே கவனம் இல்லை.

கார்பொனாராவைப் பற்றிச் சித்தப்பா நிறையச் சொல்வார். ரோமில் அதற்கு முட்டை, பெக்கொரினோ சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு, இவ்வளவுதான், கிரீம் கிடையாது. இங்கே பெரும்பாலும் கிரீமும் கோழியும் போட்டுத்தான் வரும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், கொடுங்கள். ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கடையை எடை போட வேண்டாம்.

இனிச் சைவச் சாப்பாடு. இதில்தான் நான் பட்டேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் பாதிப் பேர் மச்சம் தொட மாட்டார்கள். அப்படி ஒரு திருவிழாக் காலத்தில், பிள்ளைகளின் ஆசைக்காகப் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். காய்கறி லசாஞ்ஞா என்று மெனுவில் இருந்தது, அவவுக்கு அதைச் சொன்னோம். பாதி சாப்பிட்ட பிறகு ஏதோ சந்தேகம் வந்து நான் கேட்டேன். சோஸுக்குக் கோழி அவித்த தண்ணீர்தான் விடுகிறோம் என்றார் பரிமாறிய தம்பி. பெரியம்மா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தா. வீடு வந்து சேரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முதலே கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் கேட்பவை இவை. சோஸிலும் சூப்பிலும் கோழிச் சாறோ கட்டியோ போடுகிறீர்களா? பாஸ்தா காய்ந்ததா, கடையில் பிசைந்ததா? காய்ந்த ஸ்பகெட்டி கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். கடையில் பிசையும் தாலியாத்தெல்லே போன்ற பட்டையான பாஸ்தாவில் முட்டை இருக்கும். பார்மீஜானோ சீஸ் போடுகிறீர்களா? இது நிறையப் பேருக்குத் தெரியாத சங்கதி: அந்தச் சீஸுக்குப் பால் உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை. கடும் விரதக்காரருக்கு அது ஆகாது. இனிப்புகளிலும் கவனம்: பன்னா கொத்தாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், திரமிசுவில் முட்டை இருக்கும், சில இடங்களில் மதுவும் சேரும்.

அப்படியானால் பெரியம்மா என்ன சாப்பிடுவா? சிசிலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் பழைய பாணைப் பொடியாக்கி ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவுவார்கள். தக்காளி, உள்ளி, கத்தரிக்காய் போட்ட காய்ந்த ஸ்பகெட்டி, மேலே அந்த வறுத்த பாண்தூள். முட்டை இல்லை, சீஸ் இல்லை, ருசிக்கு ஒரு குறையும் இல்லை. இதைச் செய்து தர முடியுமா என்று நான் கடையில் கேட்பேன். சமையல்காரர் வெளியே வந்து, “எப்படி வறுக்க வேணும், அக்கா?” என்று கேட்ட கடை ஒன்று இருக்கிறது. இப்போது திருவிழாக் காலத்தில் அங்கேதான் போகிறோம். மெனுவில் இல்லாததைக் கேட்கும்போது முகம் சுளிக்காத கடை, மெனுவில் இருப்பதையும் பொய் சொல்லாமல் செய்யும் என்பது என் அனுபவம். பேசில் இலை இல்லை என்றால்கூடப் பெரிதுபடுத்த வேண்டாம். நம் திருநீற்றுப்பச்சை அதே இனம்தான், அதைக் கிள்ளிப் போட யோசிக்கும் சமையல்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

பெப்பரோனி பீட்சா கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. இத்தாலியில் ‘பெப்பரோனி’ என்று கேட்டால் குடைமிளகாய்தான் வரும், இறைச்சி அமெரிக்கப் பழக்கம். இங்கே அது மாட்டிறைச்சியா பன்றியா என்று கட்டாயம் கேளுங்கள். எங்கள் மேசையில் மாடு சாப்பிடாதவர்களும் உண்டு, மாமாவின் முஸ்லிம் சிநேகிதர் வந்தால் ஹலாலும் பார்க்க வேண்டும்.

மச்சம் சாப்பிடும் நாளென்றால் கடலுக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் இத்தாலியச் சாப்பாடு உண்மையிலேயே மேலோங்குவது அங்கேதான். நல்ல சீஸ் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் குளிரில் வர வேண்டும். ஆனால் கணவாயும் இறாலும் நீலக்கால் நண்டும் எங்கள் காலடியில் கிடக்கின்றன. “இன்றைக்குக் கணவாய் எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பாசையூர், குருநகர், பண்ணை என்று ஒரு பெயர் டக்கென்று வந்தால் இருந்துவிடுங்கள். “பிரீசரில் இருக்கு” என்றால் அன்றைக்குப் பீட்சாவோடு நிறுத்துங்கள். ஞாயிறு இரவு நான் கடலுணவு கேட்பதில்லை, எங்கள் கத்தோலிக்க மீனவர் பலர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். நண்டுக்கு நிலவு காலத்தையும் தவிர்ப்பேன், சதை பிடிக்காது என்று மீன் விற்கும் அம்மா எனக்குச் சொன்னதை நான் மீறுவதில்லை. மீன் பாஸ்தா மேல் சீஸ் கேட்க வேண்டாம். இத்தாலியில் பெரும்பாலும் இரண்டையும் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தால் மீனின் இனிப்பு அமுங்கிவிடும். உறைப்புக் காணாதென்றால் செத்தல் மிளகாயை எண்ணெயில் கூட்டிப் போடச் சொல்லுங்கள். தென் இத்தாலியில் அவர்களும் மிளகாய் விரும்பிகள்தான்.

காசு விசயத்தில் மெனுவில் உள்ள விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். சேவைக் கட்டணம் பத்து வீதம் போடும் கடைகள் உண்டு, வற் வரி பதிந்த கடையென்றால் 2024இலிருந்து 18 வீதம். இரண்டும் மேலே ஏறினால் 10,000 ரூபாச் சாப்பாடு 12,980 ரூபாவாகும். விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரிய குடும்பத்துக்குப் பீட்சாவை நடுவில் வைத்து இரண்டு பேருக்கு ஒன்றென்று பகிர்வதே சரி, ஆளுக்கொன்று சொன்னால் பாதி மிஞ்சும்.

இடம் பார்க்கும்போது மூன்று விசயம் போதும். பெரியம்மாவுக்குப் படி ஏறாமல் இருக்க ஒரு மேசை. சுத்தமான கழிவறையும் கை கழுவும் இடமும். கரண்ட் போனால் ஜெனரேற்றர். திருவிழா நாட்களில் நல்லூர்க் கோயிலைச் சுற்றி வாகனம் விட மாட்டார்கள், அந்தப் பக்கத்துக் கடையென்றால் தூரத்தில் இறங்கி நடக்க வேண்டிவரும், வயதானவர்களை யோசித்து முடிவு செய்யுங்கள்.

கடையைத் தீர்மானித்த பிறகு முதல் நாளே போன் எடுத்து ஆட்கணக்கைச் சொல்லுங்கள். எத்தனை பேர் சைவம், எத்தனை பிள்ளைகள், வறுத்த பாண்தூள் வேண்டும், ஏழு மணிக்கு வருவோம் என்று எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிட்டால் அடுப்படி தயாராக இருக்கும். இங்கே குசினிகள் நேரத்தோடு மூடிவிடும், ஒன்பது மணிக்குப் போய் ரிசொத்தோ கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம். இனிப்பை அங்கே சொல்ல வேண்டாம். பில்லைக் கட்டிவிட்டு நல்லூர்க் கோயிலடி ஐஸ்கிரீம் கடைக்கு நடந்து போங்கள். எங்கள் வீட்டில் அங்கேதான் பெரியம்மா பிள்ளைகளைவிட முந்திக்கொண்டு தன்னுடையதைச் சொல்வா.