கத்திரி வெயிலில் ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு

குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்குக் காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் செய்யும் முதல் வேலை, காற்று வரட்டும் என்று நடுப்பகலில் சன்னல்களைத் திறந்து வைப்பது. அங்கே அது சரி, வெளியே 20 டிகிரிதான் இருக்கும். இங்கே மே மாதப் பகலில் 38, 40 என்று போகும். திறந்தால் அனல்தான் உள்ளே வரும். காலை ஒன்பது மணிக்கே வெயில் படும் பக்கத்துச் சன்னல்களைச் சாத்திவிடுங்கள். பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்ததும் எல்லாவற்றையும் திறங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு முதல் பின்கட்டு வரை நேராக இருக்கும் வாசல்களும், வானம் பார்த்த முற்றமும் அப்போதுதான் கைகொடுக்கும். வீட்டுச் சூடு முற்றத்து வழியே மேலேறிப் போய்விடும்.

மத்தியானம் மெத்தை வேண்டாம், அது உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கோரைப்பாய் விரித்துப் படுங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி சுடுகாற்றைத்தான் வீசும். ஈரத்துண்டைக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்தால் இதமாக இருக்கும்.

உடம்பு இந்த வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். வந்த மறுநாளே பிள்ளைகளை உச்சி வெயிலில் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போகாதீர்கள், அப்பத்தாவே ஆசைப்பட்டாலும். உப்புப் போட்ட நீர்மோரைத் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கக் கொடுங்கள்.

பேச்சுக் குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் தாமதிக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.