கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரின் அரை ஓய்வு: எதை முதலில் செய்வது, எங்கே கால் இடறும்

அரை ஓய்வுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஓய்வு பெறாமலேயே பாதி வேலைக்கு இறங்கலாம். அல்லது ஓய்வு பெற்றுவிட்டு, பகுதி நேர ஆசிரியராக, அதாவது அட்ஜங்க்ட்டாக, அதே கல்லூரிக்குத் திரும்பலாம். பலரும் நேரே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். ஓய்வு விண்ணப்பம் நடைமுறைக்கு வந்துவிட்டால் முதல் வழி அதோடு மூடிவிடும். ஆகவே பாதி வேலை முதலில், ஓய்வுக் கையெழுத்து பிறகு. இங்கே சொல்வது கால்ஸ்டர்ஸ் எனும் கலிஃபோர்னியா ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் முழு நேர ஆசிரியர்களுக்கு.

முதல் வழிக்குக் குறைந்த பணிச்சுமைத் திட்டம் என்று பெயர். வயது 55 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 10 ஆண்டு முழு நேரப் பணி வேண்டும், அதில் கடைசி 5 ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பணிச்சுமை பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதிகபட்சம் 10 ஆண்டு. சம்பளம் பாதி, ஆனால் பணிக்காலம் முழு ஆண்டாகக் கணக்கில் ஏறும். ஓய்வூதியக் கணக்குக்கான சம்பளமும் முழுச் சம்பளமே. மருத்துவக் காப்பீடும் முழு நேர ஊழியருக்கு உள்ளதுபோலவே தொடரும். கல்லூரி சம்மதித்தால்தான் இது கிடைக்கும். கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், எனவே முந்தைய இலையுதிர் செமஸ்டரிலேயே ஹெச்.ஆரிடமும் டீனிடமும் பேச்சை ஆரம்பியுங்கள்.

இதன் லாபம் ஒரு கணக்குப் போட்டால்தான் புரியும். 2013 ஜனவரி 1க்கு முன் சேர்ந்தவர், வயது 60, பணிக்காலம் 25 ஆண்டு, சம்பளம் 1,10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60 வயதில் விகிதம், அதாவது பணியாண்டு ஒன்றுக்கு ஓய்வூதியமாகச் சேரும் சம்பளப் பங்கு, 2%. இன்றே ஓய்வு பெற்றால் 25 × 2 = 50%, ஆண்டுக்கு 55,000 டாலர். மூன்று ஆண்டு பாதி வேலை பார்த்துவிட்டு 63இல் ஓய்வு பெற்றால் விகிதம் 2.4% ஆகிவிடும், பணிக்காலமும் 28. ஆக 67.2%, சம்பள உயர்வே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 73,920 டாலர். ஆயுள் முழுக்க வரும் வித்தியாசம் இது. (2013க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 2% விகிதம் 62 வயதில், உச்சமான 2.4% 65இல்.)

இதற்கு ஒரு விலை உண்டு, முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது அதிர வைப்பதும் அதுதான். ஓய்வூதியத்துக்கான உங்கள் பங்கு முழுச் சம்பளத்தின் மேல் பிடிக்கப்படும். 1,10,000இல் 10.25% என்றால் 11,275 டாலர். அதைப் பாதிச் சம்பளமான 55,000இலிருந்து எடுத்தால் 43,725தான் மிச்சம், அதுவும் வரிக்கு முன். அந்தத் தொகையில் குடும்பம் ஓடுமா என்று ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள்: உபரியை ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள். 59½ வயது தாண்டியவர்கள் 403(பி) எனும் வரிச்சலுகை ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 10% அபராதமின்றி எடுத்துப் பள்ளத்தை நிரப்பலாம், வருமான வரி மட்டும் உண்டு.

சம்பளம் பாதியாகி, வேலை பாதியாகாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. ஒப்பந்தத்தில் "50% பணி" என்று மட்டும் எழுதிவிட்டால், துறைக் கூட்டம், கமிட்டி, புதியவர்களை மதிப்பிடும் வேலை எல்லாம் பழையபடி உங்கள் தலையில் வந்து விழும். எத்தனை யூனிட் (வகுப்புச் சுமையின் அளவு), வாரத்துக்கு எத்தனை ஆபீஸ் நேரம், எந்தக் கமிட்டி, எது இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். முழுச்சுமை ஒரு செமஸ்டருக்கு 15 யூனிட் என்றால் பாதி 7.5. மூன்று யூனிட் வகுப்பு இரண்டு எடுத்தால் 6தான் வருகிறது. மிச்சத்துக்கு என்ன செய்வது, அடுத்த செமஸ்டரில் 9 எடுத்து ஈடுகட்டுவதா என்பதையும் அதிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கில் பாதிக்குக் கீழே போனால் திட்டத்தின் அடிப்படையே ஆட்டம் காணும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது யூனிட்டை மட்டும் பார்க்காதீர்கள், திருத்தும் நேரத்தைப் பாருங்கள். 28 பேர் உள்ள கட்டுரை வகுப்பில் செமஸ்டருக்கு 4 கட்டுரை, ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 37 மணி நேரத்துக்கு மேல், ஒரே பிரிவுக்கு. இரண்டு வெவ்வேறு பாடம் எடுப்பதைவிட ஒரே பாடத்தின் இரண்டு பிரிவுகள் மேல், தயாரிப்பு ஒருமுறைதான். இரண்டையும் ஒரே நாட்களில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டால்தான் மற்ற நாட்கள் உண்மையில் உங்களுடையவை. ஆன்லைன் வகுப்பு ஓய்வுக்கு வசதி என்று நம்பி இறங்குகிறவர்கள் கவனிக்க: ஆசிரியர் மாணவரோடு தொடர்ந்து, பாடம் சார்ந்து உரையாட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. போன வருடப் பாடங்களை அப்படியே ஓடவிட்டு ஒதுங்க முடியாது.

இரண்டாவது வழிக்கு வருவோம். ஓய்வு விண்ணப்பத்தை ஓய்வுத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். தேதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். ஓய்வுக்குப் பின் முதல் 180 நாட்களில் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜிலோ அரசுப் பள்ளியிலோ கற்பித்துச் சம்பாதிக்கக் கூடிய வரம்பு பூஜ்யம். விதிவிலக்கு உண்டு, ஆனால் நிர்வாகக் குழுத் தீர்மானம் வரை போக வேண்டும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூன் 1 ஓய்வு என்றால் 180 நாள் முடிவது நவம்பர் இறுதியில். இலையுதிர் செமஸ்டர் போச்சு, வசந்த செமஸ்டரில் திரும்பலாம். டிசம்பர் நடுவில் ஓய்வு என்றால் ஜூன் நடு வரை காத்திருக்க வேண்டும், ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும் கோடை வகுப்பு கைக்கு எட்டாது.

அதன் பிறகும் ஆண்டு வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை கணக்கு. தொகை மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ஜூலையிலும் கால்ஸ்டர்ஸில் சரிபாருங்கள். வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் ஓய்வூதியத்தில் ஒரு டாலர் வெட்டு. யூசி, சிஎஸ்யூ எனும் மாநிலப் பல்கலைக்கழகங்கள், தனியார் கல்லூரிகள், வேறு மாநிலங்கள் இதில் சேராது, அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் இந்த வெட்டு கிடையாது.

அட்ஜங்க்ட் சுமை ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழு நேரச் சுமையின் 67% வரைதான். 15 யூனிட்டில் அது சுமார் 10, அதாவது மூன்று யூனிட் வகுப்பு மூன்று. போதிய சேர்க்கை இல்லாவிட்டால் வகுப்பு முதல் வாரத்திலேயே ரத்தாகலாம். முழு நேர ஆசிரியரின் வகுப்பு ரத்தானால் உங்கள் வகுப்பை அவருக்கு எடுத்துக் கொடுப்பதும் உண்டு. முப்பது ஆண்டு அந்தக் கட்டடத்தில் இருந்தவருக்கு இது சுருக்கென்று தைக்கும். அந்தச் சம்பளத்தை வீட்டுக் கடனுக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்.

65 வயதானோருக்கான கூட்டாட்சி மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரத் தவறினால் ஆயுள் முழுக்க அபராதம் கட்ட வேண்டிவரும். குறைந்த பணிச்சுமையில் இருக்கும்வரை நீங்கள் பணியில் உள்ள ஊழியர், வேலை வழிக் காப்பீடு இருப்பதால் 65 தாண்டியும் அதன் மருத்துவர் செலவுப் பகுதியான பார்ட் பியைத் தள்ளிப்போடலாம். ஓய்வு பெற்றதும் 8 மாதத்துக்குள் சேர வேண்டும். ஓய்வு பெற்றோருக்குக் கல்லூரி தரும் காப்பீடும், வேலை விட்டபின் சொந்தச் செலவில் தொடரும் பழைய காப்பீடான கோப்ராவும் இந்தத் தள்ளிவைப்புக்கு உதவாது. தவறவிட்டால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10% கூடுதல் பிரீமியம்.

கூட்டாட்சி அரசின் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி பற்றிய பழைய அறிவுரைகளை மறந்துவிடுங்கள். வேறு வேலையில் அதற்குத் தேவையான 40 கிரெடிட் (சுமார் 10 ஆண்டு உழைப்பு) சேர்த்தவர்களுக்கும், துணைவர் வழியாகப் பெறுகிறவர்களுக்கும் ஆசிரியர் ஓய்வூதியத்தைக் காட்டிச் செய்த வெட்டுகள் 2025 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சட்டத்தால் நீங்கிவிட்டன. எதுவும் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே இருந்தவர்கள் இப்போது விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

எடுக்காத மருத்துவ விடுப்பு பணிக்காலமாக மாறும், எனவே கடைசி ஆண்டில் அதைச் சும்மா செலவழிக்காதீர்கள். ஆன்லைன் பாடத் தளமான கேன்வாஸில் உள்ள ஒவ்வொரு பாடத்தையும் ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். வங்கி, காப்பீடு, கால்ஸ்டர்ஸ் கணக்குகளில் கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதம் முன்பே மாற்றுங்கள். கணக்கு முடங்கிய பிறகு பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் அந்த முடங்கிய பெட்டிக்குத்தான் போகும்.