கோழிக்குஞ்சுகளின் வெப்ப அயர்ச்சியை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயிலில் கடலூர்ப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் 35 டிகிரி காட்டியதும் ‘வெப்ப அயர்ச்சி’ என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். குஞ்சின் வயதைக் கேட்காமல் அப்படி எழுதக் கூடாது. முதல் வாரம் புரூடரில் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அமைப்பில்) 33 முதல் 35 டிகிரி வரை நாமே கொடுக்கிறோம். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்து, மூன்றாம் வாரம் 28-ஐ ஒட்டிக் கொண்டுவருகிறோம். மூன்று நாள் குஞ்சுக்கு இதமாக இருக்கும் அதே 35 டிகிரியில் மூன்று வாரக் குஞ்சு வாய் திறந்து இரைக்கும். உடல் வெப்பமும் வயதோடு மாறுகிறது: பொரித்த அன்று 40 டிகிரியை ஒட்டி இருப்பது, வளர்ந்த கோழியில் 41–42 ஆகிறது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளக் குஞ்சுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே ஒப்பிடும் இரு கூட்டமும் ஒரே நாள் பொரித்தவையாக இருக்கட்டும்.

வெப்பமானியை ஆள் உயரத்தில் ஆணியடித்து மாட்டுவதால் பயனில்லை. குஞ்சு மூச்சுவிடுவது தரையிலிருந்து ஐந்தாறு செ.மீ. உயரத்தில், அங்கேதான் அளக்க வேண்டும். ஈரப்பதம் பார்க்க, குமிழில் ஈரத் திரி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியையும் சாதாரண உலர்குமிழ் வெப்பமானியையும் சேர்த்து வைக்கிறோம். ஈரக்குமிழ்த் திரிக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து திரி ஈரம் இழுக்காது, அளவு கூடுதலாகக் காட்டும். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். கடலோரத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று நுழைந்ததும் வெப்பம் இறங்கி ஈரப்பதம் ஏறும். அதனால் நாளுக்கு ஒரு அளவு போதாது. விருத்தாசலத்துக் கொட்டகைக்குக் கடலூர் வானிலை நிலையத்தின் கணக்கும் பொருந்தாது.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் சூத்திரத்திலும் கவனம் வேண்டும். உலர்குமிழ் 36, ஈரக்குமிழ் 29 என்றால் அவற்றுக்கு முறையே 0.85, 0.15 பங்கு வைக்கும் பிராய்லர் (கறிக்கோழி) சூத்திரத்தில் 34.95 வரும், 0.6, 0.4 வைக்கும் முட்டைக்கோழிச் சூத்திரத்தில் 33.2 வரும். முதலாவது விற்பனை எடைக்கு வந்த பிராய்லருக்காக வகுக்கப்பட்டது. குஞ்சுக்கு அதைப் போடுவதைவிட வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம் மூன்றையும் தனித்தனியே எழுதுவதே நேர்மை.

ஆய்வை அதிகம் கெடுப்பது குஞ்சைப் பிடிக்கும் கைதான். பிடித்த மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்காவிட்டால், பிடிபட்ட பயத்தில் ஏறிய கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அயர்ச்சி ஹார்மோனைத்தான் அளப்பீர்கள். வெயிலின் பங்கு அதில் கரைந்துபோகும். எனவே முதலில் தொடாமல் தள்ளி நின்று மூச்சிரைப்பை எண்ணுங்கள். அடுத்து ரத்தம். ஆசனவாய் வெப்பத்தை அதே கூண்டின் வேறு குஞ்சுகளில் பாருங்கள். வெப்பமானி முனையில் நாடா ஒட்டி, எல்லாக் குஞ்சுக்கும் ஒரே ஆழம் செலுத்துங்கள். ஒரு கூண்டில் நாலைந்து குஞ்சு பிடிப்பதானால் நாலைந்து ஆட்கள் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். முதல் குஞ்சு கத்தியதுமே மற்றவை கலவரப்படும். நாள்தோறும் அதே நேரத்தில் எடுப்பதும் அவசியம், ஏனென்றால் இந்த ஹார்மோனுக்கு அன்றாட ஏற்ற இறக்கம் உண்டு. கோழியின் முதன்மை அயர்ச்சி ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரோன். மனிதருக்கான கார்ட்டிசால் சோதனைக் கிட்டை வாங்கிவிட்டால் காசும் உழைப்பும் போயிற்று.

ரத்தம் உடல் எடையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 40 கிராம் குஞ்சில் 0.4 மி.லி.தான். இறக்கை ரத்தக்குழாய் மிக மெல்லியது. கழுத்தின் வலப்பக்க ரத்தக்குழாயே கைகொடுக்கும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். இதற்கெல்லாம் விலங்கு நெறிக் குழுவின் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

அயர்ச்சியைக் காட்டும் இன்னொரு அளவான ஹெட்டிரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இருவகை வெள்ளணுக்களின் விகிதம் மெதுவாக மாறும், சில மணி நேரம் ஆகும். பத்து நிமிட வெயிலின் பாதிப்பை அதில் தேடாதீர்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் மனித ரத்தத்துக்கான எண்ணும் கருவி தவறாக எண்ணும். ஸ்லைடில் கண்ணால் குறைந்தது 100 வெள்ளணு எண்ணுங்கள். புதுச்சேரியின் ஈரக் காற்றில் ஸ்லைடு மெதுவாக உலர்ந்தால் அணுக்கள் சுருங்கிச் சிதையும். விசிறிக் காற்றில் உடனே உலர்த்தி மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளிர் அயர்ச்சியைப் பார்ப்பவர்கள் படுதாவை இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். உமி நனைந்து அமோனியா ஏறுகிறது. பிறகு எடை குறைந்தது குளிராலா, அமோனியாவாலா என்று பிரிக்க வழியில்லை. அமோனியாவையும் அதே நாளில் அளந்து எழுதுங்கள்.

கடைசியாக எண்ணிக்கை. ஒரு சூடான அறையில் 30 குஞ்சு, ஒரு சாதாரண அறையில் 30 குஞ்சு வைத்தால் அது 30 மறுபதிவு (தனித்தனியாகத் திரும்பச் செய்த சோதனை) ஆகாது, சூட்டுக்கு ஒன்று, சாதாரணத்துக்கு ஒன்றுதான். அறையின் காற்றோட்டமோ தண்ணீர்க் குழாயோ வேறுபட்டால் அதுவும் வெயிலின் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டே அறைகள்தான் இருக்கின்றன என்றால், அடுத்த தொகுதிக் குஞ்சு வந்ததும் அறைகளை மாற்றிப்போட்டு ஆய்வைத் திரும்பச் செய்யுங்கள்.