போர்ட்ரெய்ட்டுக்கு மீடியம் ஃபார்மட் வேண்டுமா?

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் கல்யாண ஜோடிகளைப் படமெடுக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, மீடியம் ஃபார்மட்டுக்கு மாறிடலாமா?" அதாவது, கல்யாணங்களில் வழக்கமாகப் பயன்படும் ஃபுல் ஃபிரேம் கேமராவை விடப் பெரிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) கொண்ட கேமராவுக்கு.

முதலில் ஆல்பத்தைப் பாருங்கள். 12க்கு 18 அங்குலப் பக்கத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3600க்கு 5400 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமே அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும்.

"பின்னணி இன்னும் மங்கும்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஃபியூஜியின் மீடியம் ஃபார்மட் கேமராவான ஜிஎஃப்எக்ஸின் சென்சார் 44க்கு 33. அதில் 110 எம்எம் எஃப்2 லென்ஸ் போட்டால், ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய 87 எம்எம் எஃப்1.6 மாதிரிதான் தெரியும் (எஃப் எண் குறையக் குறையப் பின்னணி அதிகம் மங்கும்). உங்கள் பையில் 85 எம்எம் எஃப்1.4 இருந்தால் மங்கலில் நீங்கள்தான் ஒரு படி மேலே.

வெயிலும் ஒரு கணக்கு. ஒகேனக்கல் பாறையில் நண்பகலில் ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது ஜிஎஃப்எக்ஸின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 நொடிதான். இது எவ்வளவு வேகமோ, அவ்வளவுக்கு வெயிலைக் குறைக்கலாம். ஃபுல் ஃபிரேமில் பொதுவாக 1/200, 1/250 கிடைக்கும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் வைத்த ஹாசல்பிளாட் எக்ஸ் வகை மீடியம் ஃபார்மட் என்றால் கதை வேறு, லென்ஸைப் பொறுத்து 1/2000, 1/4000 வரைகூடப் போகலாம். விலையும் வேறு கதை!

சரி, மீடியம் ஃபார்மட் யாருக்கு? ஸ்டூடியோவில் நிதானமாக எடுத்து, சுவர் அளவுக்குப் பெரிதாக அச்சடிப்பவர்களுக்கு. தோலின் நிற மாற்றம் அதில் அழகாக இழையும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 100 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதிந்த அசல் தகவல்), சுருக்காமல் வைத்தால் ஒன்றே சுமார் 200 எம்பி. முகூர்த்த நாளில் இரண்டாயிரம் படம் எடுப்பவர் ஹார்ட் டிஸ்க்கை நினைத்துப் பார்க்கவும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே முகத்தை இரண்டிலும் எடுத்து அச்சடித்துப் பாருங்கள். திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.